கஜபதி வண்டிக்கு ஆயுத பூஜை

மேனாம்பேட்டில் கஜபதிக்கு ரெண்டு ரூம் வீடு. முன் ரூமில் முக்கால்வாசியை ஒரு மோட்டார் பைக் பிடித்துக்கொண்டிருந்தது. பைக் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊத்துகிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. டாங்க் ஜன்னல் மேல், சீட்டு கதவுக்குப் பின்னால், பிஸ்டன் சாமி படத்துக்குப் பக்கத்தில். ஒரு வருஷமாக இதே கோலம். வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் பிஸ்டனையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வேறு ஆளாயிருந்தால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போயிருப்பான். கஜபதி எந்த மெக்கானிக்கையும் நம்ப மாட்டான். நம்ம வண்டியில் இருக்கிற நல்ல பார்ட்டைக் கழற்றி அடுத்தவனுக்குப் போட்டுவிட்டு, அடுத்தவனுடைய ஓட்டை பார்ட்டை நமக்கு மாட்டுகிறவன்தான் மெக்கானிக் என்பது அவன் முடிவு. டாக்டரைப் பற்றியும் அவனுக்கு இதே முடிவுதான். அதனால்தான் குடலிறக்கத்தை லுங்கி முடிச்சாலேயே சமாளித்துக்கொண்டிருந்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் அவனுக்கு லோடு இறக்குகிற வேலை. போல்டை மூட்டை மூட்டையாகச் சுமக்கிறவனுக்கு அதை முடுக்கத் தெரியாதா என்று தானே வண்டியைப் பிரித்துப் போட்டான். கார்புரேட்டரை, பொண்டாட்டி ஜெகதாம்பாள் ரசம் வைக்கிற குண்டானில் மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினான். கடையில் விற்கிற கேஸ்கெட் அட்டை எல்லாம் டூப்ளிகேட் என்று சொல்லி, மச்சான் தேவராஜின் கல்யாணப் பத்திரிகையை வெட்டி இஞ்சினுக்கு நடுவில் வைத்தான். மணமகன் பெயர் உள்ளே போய்விட்டது. ‘தங்கள் நல்வரவை நாடும்’ மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஜெகதாம்பாளுக்கு அந்த இடம் வேண்டும். கிரைண்டர் வாங்கி மாவு அரைத்து விற்கப் போகிறாள். கடையில் சொல்லியும் வைத்துவிட்டாள். வைக்கத்தான் இடமில்லை. பின் ரூம் சமையலுக்கே பத்தவில்லை.

"யோவ், இது ஊடா இல்ல ஒர்க்ஷாப்பா? எங்கூட்ல நானே ஒருக்களிச்சு நடந்து போறேன்."

"ரிப்பேரு நடந்துகினு கீதுடி."

"ஒரு வருசமா நடந்துகினு கீதே, எங்க போய் சேந்துச்சு?"

அன்றைக்குப் பார்த்து தேவராஜ் வந்திருந்தான். ஜெகதாம்பாளின் தம்பி. ஆவடியில் டாங்க் பேக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, புதுசாக ஒரு போர் ஸ்ட்ரோக் பைக். அந்தப் பைக்கைத் துடைக்க அவன் தனியாக ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தான். அதனாலேயே கஜபதிக்கு அவனைப் பிடிக்காது.

"மாமா, பேசாம மெக்கானிக் கன்னியப்பன் கிட்ட உட்டுடு. உனுக்கு வராது."

"எனுக்கு வராதா? நான் முடுக்குன போல்டை அவன் அப்பன் வந்தாலும் கழட்ட முடியாது மச்சான்."

"அதான் மாமா, நீயே கழட்ட முடியாம தவிக்கிறியே!"

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் போய் நின்றது. ஆயுத பூஜைக்குச் சக்கரத்தின் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள் இல்லையா, அதை வண்டி இஞ்சின் ஓடி நசுக்க வேண்டும். நசுக்கும்போது ஒருத்தரும் தள்ளக் கூடாது. நசுக்கினால் வண்டி வீட்டில் இருக்கும். நசுக்காவிட்டால் பழைய இரும்பு எடுக்கிற முனியன் தூக்கிக்கொண்டு போவான்.

"சத்தியம் பண்ணு," என்றாள் ஜெகதாம்பாள்.

கஜபதி சாமி படத்தைத் தாண்டிக் கையை நீட்டி, பிஸ்டனைத் தொட்டு சத்தியம் பண்ணினான்.

வண்டியை மாட்டி முடித்துவிட்டான். உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம், கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கன்னியப்பன் கடைக்கு வெறுங்கையோடு போனான். சிநேகிதன் வண்டி ஒன்று கிளம்பவில்லை என்று ஆரம்பித்தான். கன்னியப்பன் நிமிரக்கூட இல்லை.

"டைமிங் போயிருக்கும் அண்ணாத்தே. பாயிண்ட் தகட்டைத் திருப்பி வெக்கச் சொல்லு. பிஸ்டன் மேல வந்து முட்டறதுக்கு மயிரிழை முன்னால நெருப்பு உழணும். கொஞ்சமா திருப்பு, போதும். ஓவரா திருப்புனா எகிறி உதைக்கும்."

கஜபதி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான். ஒரு டீகூட வாங்கிக்கொள்ளாமல் இவன் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்? வண்டி சரியாகிவிட்டால் இவன் பிழைப்பு என்ன ஆவது? கொஞ்சமாகத் திருப்பு என்கிறானா, அப்போது நிறையத் திருப்ப வேண்டும். வீட்டுக்கு வந்து தகட்டை அது போகிற கடைசி மட்டும் திருப்பி முடுக்கினான்.

ஒரு உதை உதைத்தான். கிக்கர் எகிறி முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தது. கஜபதி நொண்டிக்கொண்டே சிரித்தான். திருப்பி அடிக்கிறது என்றால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு நிறுத்திக்கொண்டான். மிச்சம் பூஜையன்றைக்கு.

அன்று தெருவே வண்டி கழுவிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். தேவராஜின் புது பைக்குக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலை. முனியன் மூணு சக்கர வண்டியை எதிர் வாசலில் நிறுத்தி, பொரி வாங்கித் தின்றுகொண்டு காத்திருந்தான். எமனுக்குப் பொரி கொடுத்து உட்கார வைத்த மாதிரி இருந்தது கஜபதிக்கு.

வாசல்படியில் பலகை போட்டு வண்டியைத் தெருவைப் பார்க்க இறக்கினார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. தேவராஜ் குனிந்து, முன் சக்கரத்துக்கு முன்னால் ரெண்டு பழத்தை ஒட்டி ஒட்டி வைத்தான்.

கஜபதி லுங்கியை மடித்துக் கட்டினான். உதைத்தான். இல்லை. இன்னொன்று. இல்லை. முனியன் பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அடுத்த உதைக்கு கிக்கர் எகிறிக் காலைப் பதம் பார்த்தது. கூடவே வண்டி இருமியது, கரகரத்தது, பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் புகை.

"போட்டான்டா அண்ணாத்தே!" என்று எவனோ விசில் அடித்தான்.

கஜபதி தேவராஜை ஒரு பார்வை பார்த்தான். முதல் கியர் போட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போனது.

கோலத்தை அழித்தது, பலகையில் ஏறியது, வாசல்படியைத் தாண்டியது, உள்ளே போய் ஒரு வருஷம் நின்ற அதே இடத்தில் முட்டி நின்றது. கிளட்சைப் பிடித்தபடி, முகம் தெருவைப் பார்த்திருக்க, கஜபதி புகைக்குள் உட்கார்ந்திருந்தான். இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பழம் ரெண்டும் வாசலில் பத்திரமாக இருந்தன.

முதலில் சிரித்தவன் முனியன்தான். "இன்னா அண்ணாத்தே, மறந்துட்டு வந்தியா எதுனா?"

என்ன நடந்தது என்று கஜபதிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் புரியாததைத் தெருவுக்குக் காட்டுகிற ஆள் அவன் இல்லை.

"ரிவர்ஸ் கியர்டா. நானே வெச்சேன். எவன் பைக்குல கீது, சொல்லு?"

தேவராஜ் உள்ளே ஓடி வந்தான். "மாமா, டைமிங்கைக் கன்னாபின்னான்னு வெச்சிருக்க. இஞ்சின் தலைகீழா சுத்துது. ஆஃப் பண்ணு. மறுக்கா உதை, நேரா சுத்தும்."

ஆஃப் பண்ணச் சொல்கிறான். பந்தயம் கட்டினவனே சொல்கிறான். ஒரு வருஷம் கழித்துப் பிடித்த இஞ்சின், அணைத்தால் இன்னொரு வருஷம் ஆகாது என்று எவன் கண்டான்?

"நவுரு மச்சான்," என்றான் கஜபதி. நியூட்ரலில் போட்டு, அணையாமல் முறுக்கிக்கொண்டே வண்டியை வெளியே உருட்டினான். வட்டமடித்துத் திருப்பி, வண்டியின் பின்பக்கத்தைப் பழத்துக்குக் காட்டி நிறுத்தினான். ஏறி உட்கார்ந்தான். முகத்தைத் தோளுக்கு மேல் திருப்பிக்கொண்டு கிளட்சை விட்டான்.

முதல் பழம் சட்டென்று வெடித்தது. ரெண்டாவது வழுக்கிப் பார்த்தது, விடவில்லை, நசுங்கியது. சந்தோஷத்தில் பிரேக் ஞாபகம் வரவில்லை. வண்டி போய் தேவராஜின் புது பைக்கை மாலையோடு சாய்த்துவிட்டுத்தான் நின்றது. இஞ்சினும் அணைந்தது.

"செல்லாது! இது செல்லாது!" தேவராஜ் தன் பைக்கைத் தூக்குவதா, பந்தயத்தைப் பிடிப்பதா என்று தெரியாமல் கத்தினான். "எந்த ஊர்லயாச்சும் வண்டி சூ… பின்னால நசுக்குமா?"

எல்லாரும் ஜெகதாம்பாளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து பழத்தைப் பார்த்தாள்.

"இஞ்சினு ஓடிச்சா? ஓடிச்சு. நசுக்கசொல்லோ யாராச்சும் தள்ளுனாங்களா? இல்ல. பழம் செத்துச்சா? செத்துச்சு. எந்தப் பக்கமா போவணும்னு நீ சொன்னியாடா?"

"யக்கா, நீ யாரு கட்சி?"

"நான் கிரைண்டர் கட்சி." புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சத்தியம் சத்தியந்தான். வண்டி உள்ளயே இருக்கட்டும். கிரைண்டரும் நாளைக்கு வருது. டேய் முனியா, இன்னாத்துக்குச் சும்மா போற, உள்ள வா."

முன் ரூமில் வண்டியை விட்டால் இன்னொரு இரும்பும் இருந்தது. கஜபதியின் கட்டில். முனியன் அதன் ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்று தலையாட்டினான்.

"அடியே, அது நான் படுக்கற கட்டில்!"

"கட்டில் மேலயா பந்தயம் கட்டுன? வண்டி மேலதான?"

கஜபதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஜெயித்தவன் இவன்தான். அதில் சந்தேகமே இல்லை. எங்கே தோற்றோம் என்றுதான் பிடிபடவில்லை.

"அப்ப நான் எங்கடி படுக்கறது?"

"ஒரு வருசமா வண்டிக்கு அடியிலதான படுத்துகினு கீற. அங்கியே படு."

முனியன் கட்டிலைப் பிரித்து வாசலில் போட்டு, தராசைத் தூக்கினான். கஜபதி நொண்டிக்கொண்டே வந்து அவன் கையைப் பிடித்தான்.

"கீழ வைடா. மொதல்ல எடைக்கல்லைக் காட்டு."