இனிக் கேட்காது

அண்ணனின் கால்மாட்டில் விலகிக் கிடந்த போர்வையைத் தங்கை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய ஆபீஸ் மேனேஜர் வந்து நின்றார். தோளில் லேப்டாப் பை. உடலைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. சர்வர் மறுபடி ரீஸ்டார்ட் ஆயிடுச்சு, பாஸ்வேர்ட் கேட்டுட்டு நிக்குது. உங்களுக்குத் தெரியும்னு அவர் சொல்லியிருக்காரு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் இதே தொழில்தான், வேறு ஆபீஸ். அண்ணன் பார்த்துக்கொண்டது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இணையதளம். தளத்துக்கு வந்துபோகும் தகவல்களைப் பூட்டிக் காக்கும் ரகசியச் சாவிக் கோப்புக்கு ஒரு பாஸ்வேர்ட் உண்டு. சர்வர் எழும்போதெல்லாம் யாராவது அதை அடித்தாக வேண்டும். யாராவது என்றால் அண்ணன்தான். நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவனை இவர்தான் போன் போட்டு வரவழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் ஆபீசுக்குப் போனான்.

"பாஸ்வேர்டை எடுத்துடலாம்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டான் சார்?"

"மூணு தடவை மெயில் போட்டாரு. சாவிக்குப் பாஸ்வேர்ட் இருந்தாகணும்னு ரூல்மா..."

"குடுக்காதே," என்றாள் அண்ணி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"ரிப்போர்ட்டுக்கு நிறையப் பேர் காத்திருக்காங்க. ஆபரேஷனுக்குப் போறவங்களும் இருக்காங்க," மேனேஜரின் குரல் உடைந்தது.

தங்கை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லேப்டாப்பைக் குடுங்க."

மடியில் வைத்துக்கொண்டு சர்வருக்கு ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தாள். அதே சாவி, பாஸ்வேர்ட் இல்லாமல், புதுக் கோப்பாக வந்து விழுந்தது. சர்வர் நிர்வாகி தவிர யாரும் அதைத் திறக்க முடியாதபடி செய்தாள். சர்வருக்கு இனி இந்தக் கோப்புதான் என்று மாற்றினாள்.

"என்னம்மா பண்றீங்க? பாஸ்வேர்டை மட்டும் அடிச்சாப் போதுமே! ரூல் இருக்கு..."

"நாளைக்கு யாரை எழுப்புவீங்க சார்?"

துக்கத்துக்கு வந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி இயக்கினாள். சர்வர் எதையும் கேட்கவில்லை. இணையதளம் திறந்தது.

"ரெண்டு நிமிஷ வேலை," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பை நீட்டினாள். "கிளம்புங்க."

அவர் போனார். "தூக்கலாமா?" என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் மடியில் லேப்டாப்பின் சூடு இன்னும் இருந்தது. அது ஆறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.