கரண்ட் போன நேரம்

வேட்பாளர் உடையப்பனுக்காக ஆலங்குடியில் தேர்தல் வேலை பார்க்கும் அருணாவைப் போலக் கெடுபிடிக்காரியைப் பார்க்க முடியாது. "ஸ்டேட்டஸ்ல எதையும் போடாதீங்க, யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க" என்று எல்லார் உயிரையும் வாங்குவாள். அப்பேர்ப்பட்டவள்தான் இன்று கோட்டை விட்டாள்.

காலையில் பூத் ஏஜெண்ட் படிவங்களைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனவள், கடைக் கம்ப்யூட்டரிலேயே தன் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். கடைசித் தாள் வெளியே வந்ததும் கரண்ட் போனது. திரை அணைந்ததோடு எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிட்டாள். கரண்ட் வந்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும் என்பது மகராசிக்குத் தோன்றவேயில்லை.

மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தாள். அவள் திறக்காத மெசேஜ்களையெல்லாம் யாரோ படித்திருந்தார்கள். கை சோற்றிலேயே நின்றது. எந்தெந்தக் கருவியில் தன் வாட்ஸ்அப் ஓடுகிறது என்று தேடினாள். ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

எச்சில் கையோடு அதைத் துண்டித்தாள். ஆனால் படித்தவன் படித்ததுதானே. அந்த மெசேஜ்களில் அமிர்தவல்லியின் பெயர் இருந்தது. உடையப்பனை எதிர்த்து நிற்பவரின் முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்ப்பவள் அவள். போன தேர்தலில் அவருடைய ஆட்கள் கள்ள ஓட்டுப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள். இந்தத் தடவை உடையப்பனுக்கு ஏஜெண்டாக உட்கார ரகசியமாகச் சம்மதித்திருந்தாள். "ஓட்டுப் போடுற அன்னைக்கி வரைக்கும் எம்பேரு வெளிய தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா உசுரோட விட மாட்டாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள்.

அருணா உடனே அவளைக் கூப்பிட்டாள்.

"அமிர்தம், எங்க இருக்கே?"

"நீங்க வரச் சொன்ன எடத்துலதான்க்கா. காட்டுக்குப் பின்னாடி, மோட்டார் கொட்டகைகிட்ட. கையெழுத்துப் போடணும், தனியா வான்னு மெசேஜ் போட்டீங்கள்ல?"

அருணா அப்படி எதுவும் போடவில்லை. அவள் பெயரில் போட்டவன், அவள் போனில் தெரியாதபடி அழித்தும் இருக்கிறான். அதைச் சொல்ல அருணா வாயைத் திறக்குமுன் அமிர்தவல்லியே பேசினாள்.

"ரெண்டு பைக்கு இங்கிட்டுத்தான் வருதுக்கா. நம்ம ஆளுகதானே?"

பைக் சத்தம் நெருங்கி நின்றது. ஓர் ஆண் குரல் மரியாதையாகச் சொன்னது: "வாங்கம்மா, அருணாக்காதான் கூட்டியாரச் சொன்னாங்க."

"அக்கா லைன்லதான் இருக்காங்க" என்று அமிர்தவல்லி அவர்களிடம் சந்தோஷமாகச் சொல்வது கேட்டது.

"போகாதேடி!" என்று அருணா போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதற்குள் லைன் கட்டாகியிருந்தது.