துணைக்கு இருந்தவள்

சவப்பெட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்த ஈயை லெசினா விரட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஃபிலிமோன் மாமா செருமினார். வெளியே வா என்று கண்ணைக் காட்டினார். சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தாமலே காலை மடக்கி வழிவிட்டார்கள். தம்பி லிம்பானியின் முகத்தை இன்னும் மூடவில்லை.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"குழி தயாராயிடுச்சு. பெட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி நோவு எப்படி வந்துச்சுன்னு நான் எந்திரிச்சுச் சொல்லணும். ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்தவ நீ. சொல்லு."

எந்தச் சாவானாலும் இது உண்டு. எப்போது படுத்தான், எங்கே கொண்டுபோனோம், கடைசியாக என்ன கேட்டான் என்று குடும்பத்தில் ஒருவர் கூட்டத்துக்கு முன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஊர் ஆளுக்கொரு கதை கட்டிவிடும்.

"வயித்து வலி, மாமா."

"இந்த வயசுப் பையன் வயித்து வலியிலயா சாவான்? நான் விசாரிச்சிட்டேன். முந்தின நாள் எலூபி வீட்டுல பயறு தின்னிருக்கான்."

"நானும்தான் தின்னேன்."

"அவ உனக்குக் குறி வைக்கலையே."

எலூபி அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அடுப்புப் புகையில் கண் சிவந்திருக்கும். சூனியக்காரி என்று சொல்ல இந்த ஊருக்கு அதுவே போதும். போன மழைக்காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இப்படித்தான் ஒரு பேச்சு எழுந்து, ஒரு கிழவியின் கூரையைக் கொளுத்தினார்கள். கிழவி வெளியே வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் டாக்டர் மார்க்குஸின் கதை முடிந்தது.

மலைமேல் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு எங்கோ ஒரு சபை அனுப்பி வந்தவர் அவர். சம்பளம் வாங்குவதில்லை. காலையில் நோயாளிகளோடு சேர்ந்து நின்று சுருதியில்லாமல் ஞானப்பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார். "காசில்லாம இவ்ளோ தூரம் ஓடி வந்திருக்காருன்னா, ஊர்ல மாமியார் எப்பேர்ப்பட்டவளா இருக்கணும்!" என்று லிம்பானி சொல்லிச் சிரிப்பான். அவரைப் போலவே பாடியும் காட்டுவான்.

காய்ச்சலோடு போனவனுக்கு ரத்தம் பார்த்து மலேரியா என்றார். மலேரியா இருந்தது, பொய்யில்லை. மழைக்காலத்தில் யாருக்குத்தான் இல்லை? மறுநாள் வயிறு பலகை மாதிரி இறுகியபோதுதான் அவர் முகம் மாறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பி ஆற்றைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு அந்த மனுஷன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "குடல் ஓட்டை ஆச்சு. முதல் நாளே வயிறு அமுக்கிப் பாக்கணும். நான் பாக்கலை. தப்பு என்னுது." அவருடைய அரைகுறைச் சிச்சேவா மொழியில் அதைக் கேட்டபோது அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று சொல்லியிருந்தால் அவளும் ஆமென் சொல்லிவிட்டு வந்திருப்பாள். அப்படிச் சொல்லிப் பிழைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை.

இது வெளியே வந்தால் எந்தப் பெண்ணும் இனி மலையேற மாட்டாள். வீட்டிலேயே கிடந்து பிள்ளை பெறுவாள். அப்படி வீட்டில் பெற்ற இரண்டையும் லெசினா மண்ணில் வைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கும் ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது.

கொட்டகையைச் சுற்றி டாக்டர் வந்துகொண்டிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"நான் எந்திரிக்கிறேன். நானே சொல்றேன்."

"என்ன சொல்லப் போறாரு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. டாக்டர், போய் உக்காருங்க. உங்க வாயால வந்தா அடிச்சே போட்டுடுவாங்க." பிறகு மாமாவிடம் திரும்பினாள். "நான் பேசுறேன்."

"பொம்பளை எந்திரிச்சு நோவு சொல்றதா? எங்கயாவது உண்டா?"

"அவன் வாந்தியைத் தொடைச்சவ பொம்பளைதான்."

மாமா நகர்ந்து வழிவிட்டார்.

பெட்டி முற்றத்துக்கு வந்தது. லெசினா அதன் தலைமாட்டில் நின்றாள்.

"என் தம்பிக்குக் காய்ச்சல் வந்துச்சு. சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன். மலேரியா இருந்துச்சு. அதுக்கு அடியில இன்னொரு நோவும் இருந்துச்சு, குடல்ல. டாக்டர் முதலாவதைப் பாத்தாரு, ரெண்டாவதைப் பாக்கலை. அதை வேற யாரும் வந்து எனக்குச் சொல்லலை, அவரேதான் சொன்னாரு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஆண்கள் பக்கம் யாரோ எழுந்தார்கள்.

"உக்காருங்க, நான் இன்னும் முடிக்கலை. எலூபி அத்தை போட்ட பயறை நானும் தின்னேன். இதோ நிக்கிறேன். இந்தச் சாவுல வேற யாரோட கையும் இல்லை. கடைசியா, சைக்கிளை உள்ள எடுத்து வச்சியான்னு கேட்டான். வச்சுட்டேன்னு சொன்னேன்." பெட்டியைக் குனிந்து பார்த்தாள். "வைக்கலை."

அவள் தலைமாட்டை விட்டு நகர்ந்தாள். பெண்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். எலூபி அத்தை கடைசி வரிசையில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்.

கல்லறையில் யாரும் டாக்டரிடம் மண்வெட்டியைத் தரவில்லை. கையிலிருந்து கைக்கு மாறிய மண்வெட்டி அவர் பக்கத்தில் வந்ததும் அவரைத் தாண்டிப் போனது. அவர் மண்டியிட்டு வெறுங்கையால் மண்ணைத் தள்ளினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஆண்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து மக்காச்சோள ந்சிமாக் களித் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வா என்று டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார், போகவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல்.

துக்கத்துக்குரியவள் அன்று பரிமாறக் கூடாது. லெசினா கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்க் குவளையையும் சாப்பிடுமுன் கை கழுவும் வட்டகையையும் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். தட்டுகளில் கைகள் நின்றன.

அவள் அவர் முன்னால் குந்தினாள்.

"கையை நீட்டுங்க."

"லெசினா…"

"நீட்டுங்க."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லிம்பானியின் குழிமண் அவர் நகக்கண்களில் சிவப்பாக ஏறியிருந்தது. அது போகும்வரை ஊற்றினாள்.