இரண்டாம் கட்டம்

பள்ளிபாளையத்துக்குக் கிழக்கே, தறிப்பட்டறைகளை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருந்த வசந்தாமணியைப் பார்த்து முதன்முதலாக "வாங்க, உட்காருங்க" என்று சொன்னவர் ஆனந்தகுமார்தான். பட்டறைக்காரர் அவளை "ஏம்புள்ள" என்பார். செத்துப்போன புருஷன் அதுகூடச் சொன்னதில்லை. அவளுடைய நாற்பத்தைந்தாவது வயதில் ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னது அவள் மனசுக்குள் நன்றாக இறங்கிவிட்டது.

ஆனந்தகுமார் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் சுகாதாரத் திட்டத்துக்காகச் சேலத்திலிருந்து வந்துபோகிறவர். அவர்கள் கொடுத்த பணத்தில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீலக் கதவு போட்ட கக்கூஸ் வந்தது. தண்ணீருக்கு ஒரு தொட்டி கட்டி, ஆழ்துளைப் போரும் போட்டுக் கொடுத்தார்கள். முதல் கோடையிலேயே போரில் வெறும் காற்று வந்தது. சுற்றியிருந்த கிணறுகளில் சாயத் தண்ணீர். பஞ்சாயத்துக் குழாயில் எப்போதாவது வரும் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, அதைக் கக்கூசில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? சனங்கள் பழையபடி பட்டறைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிய வேலிக்காட்டுக்கே போனார்கள்.

"திட்டம் ரெண்டு கட்டம்க்கா," என்றார் ஆனந்தகுமார். "மொதல்ல கக்கூஸ். ரெண்டாவது, ஆத்துலேர்ந்து நேரா பைப்பு. காட்டுக்கு ஒருத்தர்கூடப் போகலைன்னு தெரிஞ்சாத்தான் ரெண்டாவது கட்டத்துக்குப் பணம் விடுவாங்க. அடுத்த மாசம் அவங்களே பார்க்க வர்றாங்க."

"தண்ணியில்லாம எப்படிங்க சார் கக்கூசுக்குப் போறது?"

"பழக்கம்தான் முக்கியம்னு அவங்க நினைக்கிறாங்க. நீங்க சொன்னா சனங்க கேப்பாங்க."

அப்படித்தான் அவள் கண்காணிப்புக் குழுவின் தலைவியானாள். பச்சைத் தொப்பி கொடுத்தார்கள், விசில் கொடுத்தார்கள். விடியற்காலையில் நாலைந்து பெண்களோடு வேலிக்காட்டுக்குள் நுழைந்து, உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றி நின்று ஊத வேண்டும். போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வெட்கப்பட்டால் பழக்கம் மாறும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆண்களைப் பார்த்து ஊத யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஊதியதெல்லாம் பெண்களைப் பார்த்துத்தான்.

பக்கத்து வீட்டுக் கமலவேணி ஒருநாள் வசந்தாமணியின் வாசலுக்கு வந்து நின்றாள். முப்பது வயது. புருஷன் முருகானந்தம் ராய்ப்பூர்ப் பக்கம் ரிக் வண்டியில் போர் போடப் போயிருந்தான். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பிடிக்கிற தண்ணீரெல்லாம் கிழவியைக் கழுவவும் துணியை அலசவுமே போய்விடும்.

"அக்கா, என்னைய மட்டும் உட்டுருங்க. ஊட்டுல ஒரு சொட்டு மிஞ்ச மாட்டேங்குதுங்க."

"உன்னைய உட்டா எல்லாரும் கேப்பாங்க கமலா. பைப்பு வந்தா உனக்குந்தானே?"

"வாரப்ப வரட்டுங்க. இப்ப நான் எங்கீங்க்கா போறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருப்பது வசந்தாமணிக்குத் தெரியாமலில்லை. ஆனால் இத்தனை நாளும் தன்னைச் சட்டை செய்யாத ஒருத்தி, அதுவும் பட்டறையில் தன்னைவிட அதிகத் தறி ஓட்டுகிறவள், கையைப் பிசைந்துகொண்டு நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிவதற்குள் காட்டில் கமலவேணி அகப்பட்டாள். விசில் சத்தம் கேட்டதும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே குறுகிப்போனாள். சுற்றி நின்றவர்களில் ஒருத்தி, "போதும், வாங்கக்கா, போலாம்," என்றாள். வசந்தாமணி போனை எடுத்து, சேலைத் தலைப்பு நழுவும் வரைக்கும் காத்திருந்து படம் பிடித்தாள்.

படம் மத்தியானத்துக்குள் ராய்ப்பூர் போய்ச் சேர்ந்தது. முருகானந்தம் போனில் கத்தியது சுவர் தாண்டிக் கேட்டது.

அதற்குப் பிறகு கமலவேணி காட்டுப் பக்கம் போகவில்லை. காலையில் பட்டறைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் வாயில் படாது. குடித்தால்தானே போக வேண்டும். சோற்றையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். உதடு வெடித்துப்போய், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் தறியில் நிற்பதைப் பார்த்த வசந்தாமணி ஆனந்தகுமாரிடம் பெருமையாகவே சொன்னாள்: "ஒருத்திதானுங்க அடங்காம இருந்தா. அவளும் கட்டுக்குள்ள வந்துட்டா."

வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்று காலையில் லாரித் தண்ணீர் வரவழைத்துத் தொட்டியை நிரப்பி, பக்கத்தில் ஒரு சின்ன மேடையும் போட்டிருந்தார்கள். வந்த மூவரில் வயதான ஓர் அம்மாள், மாறுவதற்குச் சிரமப்பட்ட யாரையாவது பார்க்க வேண்டும் என்றாள். ஆனந்தகுமார் வசந்தாமணியைப் பார்த்தார்.

வசந்தாமணி பக்கத்து வீட்டுக்குப் போனபோது கமலவேணி நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது.

"அரை மணி நேரந்தான் கண்ணு. எந்திரி," என்றாள் வசந்தாமணி. முகத்தைத் துடைத்துவிட்டாள். தலை வாரிப் பின்னினாள். சேலையைக்கூட அவளே கட்டிவிட்டாள். கல்யாணப் பெண்ணை நடத்துகிற மாதிரி தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் நீலக் கதவின் முன்னால் நிறுத்தினாள்.

வெளிநாட்டு அம்மாள் கமலவேணியின் கையைப் பிடித்ததும் முகம் மாறி என்னவோ கேட்டாள். ஆனந்தகுமார் சிரித்து, வெயில்தான் என்பதுபோல் சூரியனைக் காட்டினார். அம்மாள் மறுபடியும் கேட்டாள்.

"இப்ப எப்படி இருக்குன்னு கேக்கறாங்கம்மா," என்றார் அவர்.

கமலவேணி அந்த அம்மாளையே பார்த்துச் சொன்னாள். "தண்ணியில்லைங்க. வெளிய போகவும் உடமாட்டேங்கறாங்க. பயந்துக்கிட்டு நான் தண்ணியே குடிக்கறதில்லைங்க. மூத்திரத்துல ரத்தம் வருதுங்க."

ஆனந்தகுமார் இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். அம்மாளுக்குக் கண் கலங்கியது. கமலவேணியை இழுத்து அணைத்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

வசந்தாமணிக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் கமலவேணி சொன்னது அப்படிக் கை தட்டுகிற சேதி இல்லை என்பது தெரியும். சொல்ல வேண்டுமென்றால் அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்து தன்னை மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. அவளும் தட்டினாள்.

சாயங்காலம் கமலவேணிக்கு நினைவு தப்பியது. ஆட்டோவில் போட்டு ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது, ரொம்பத் தாமதம் என்றார் டாக்டர். முருகானந்தம் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. காரியம் முடிந்ததும் தாயை ஒரு அத்தை வீட்டில் விட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் ரிக்குக்கே திரும்பிப் போனான்.

ஒரு மாசம் கழித்து ஆனந்தகுமார் வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

"பைப்பு என்னாச்சுங்க சார்?"

"அது ஆத்தூர்ப் பக்கம் போகுதுக்கா. தண்ணியே இல்லாம நீங்க ஜெயிச்சுட்டீங்கள்ல? அப்புறம் எதுக்கு உங்களுக்குன்னு மேல இருக்கறவங்க நினைக்கிறாங்க. ரொம்பக் கஷ்டப்படற ஊருக்குத்தான் முன்னுரிமையாம்."

வசந்தாமணி கேட்டாள்: "கமலா செத்தது அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அது நோவுலதானே செத்தது," என்றார் ஆனந்தகுமார். பிறகு குரலை இறக்கினார். "உங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க. ஆத்தூர்ப் பக்கத்து ஊருக்குப் பயிற்சி கொடுக்க வர்றீங்களா? சம்பளம் உண்டு. தங்க இடமும் தர்றோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டை நினைத்தாள். லைனில் பெண்கள் இப்போது அவள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். குழாயடியில் அவள் குடத்துக்கு யாரும் இடம் விடுவதில்லை. இங்கே அவளுக்கு இனி ஒன்றுமில்லை.

"வாரனுங்க," என்றாள்.

ஆத்தூருக்குப் பக்கத்தில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்த ஊரிலும் நீலக் கதவுகள் வந்திருந்தன, பைப்பு இன்னும் வரவில்லை. சமுதாயக் கூடத்துக்குப் பெண்களைக் கூட்டியிருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் மேடம் என்றார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். கடைசியில், கதவோரம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி மட்டும் கேட்டாள்:

"தண்ணி எப்ப மேடம் வுடுவாங்க?"

வசந்தாமணி டீயைக் கீழே வைத்தாள். பிறகு அடையாளம் தெரிகிற மாதிரி அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"முன்னால வா சாமி," என்றாள். "உன்ற பேரென்ன?"