வெள்ளி எங்கே போச்சு

என்னைத் திருடி என்று சொன்னவர் என் முதலாளி ஞானசேகரன். சொன்னது அவருடைய கண்ணாடிப் பட்டறையில், பட்டப்பகலில், வாடிக்கையாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நான் கண்ணாடி ஊதுகிறவள். ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை. ஞானசேகரனுக்கு ஊதத் தெரியாது, விற்கத் தெரியும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒருவர் ஊதினால் இன்னொருவர் விற்கத்தானே வேண்டும்?

ஃபேரர் பார்க்கில் புதிதாக உணவகம் திறக்கப்போகும் இப்ராஹீம் பன்னிரண்டு விளக்குக் கூடுகள் கேட்டிருந்தார். தேன் நிறம் வேண்டும், ஆனால் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கக் கூடாது என்றார். அந்த நிறத்துக்கு வெள்ளிதான் சரி. சில்வர் நைட்ரேட்டைக் காவி மண்ணோடு தண்ணீர் விட்டுக் குழைத்து, ஊதி ஆறிய கண்ணாடியின் மேல் பூச வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால் சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். அந்தச் சேற்றோடுதான் சூளைக்குள் போக வேண்டும். சூட்டில் வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கிவிடும், மண் மேலேயே தங்கிவிடும். ஆறியதும் மண்ணைத் துடைத்தால் அடியில் தேன் நிறம். இந்தக் கதையை ஞானசேகரன் வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். ஏதோ தானே பூசியது போலச் சொல்வார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பன்னிரண்டையும் பூசி, அலமாரியில் காயவைத்தேன். பூஜையன்று எனக்கு லீவு, செம்பவாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் விஜயதசமி. முதலாளி கையால் சூளையைத் தொடங்கினால் ராசி என்று ஞானசேகரன் தானே எல்லாவற்றையும் உள்ளே அடுக்குவதாகச் சொல்லியிருந்தார். எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் நான் முன்பே சூளையில் பதிந்து வைத்திருந்தேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அதற்கும் மறுநாள் மதியம் இப்ராஹீம் வந்தார். சூளைக் கதவைத் திறந்தேன். பன்னிரண்டும் வெறும் கண்ணாடி. காப்பிக்கடைத் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி பளிச்சென்று நின்றன.

"மண் எங்கே?" என்று கேட்டேன்.

"மண்ண விடு லா. வெள்ளி எங்கே போச்சு?" என்றார் ஞானசேகரன். "பாட்டில்ல பாதியக் காணோம். கண்ணாடில ஒரு பொட்டு கலர் இல்ல. என்ன செஞ்ச?"

"எல்லாத்தையும் பூசிட்டுத்தானே சார் போனேன்."

"பூசினா எங்க? ஆவியாப் போச்சா?" என்றவர் இப்ராஹீம் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க பாய். ஒரு திருடிய வெச்சுத் தொழில் பண்ணிருக்கேன்."

இப்ராஹீம் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "அடுத்த வாரம் கடை திறக்கணும். நீங்க பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க," என்று போய்விட்டார்.

அவர் தரையைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஊரில் கண்ணாடி ஊதுகிறவர்கள் எல்லோரையும் ஒரே டாக்சியில் ஏற்றிவிடலாம். ஒருத்தி திருடி என்று பெயர் எடுத்தால் மாலைக்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் எந்தப் பட்டறை என்னை உள்ளே விடும்?

ஒரு கூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கழுத்து மடிப்புக்குள் நூல் அளவுக்குத் தேன் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் அதே கோடு.

"இங்க பாருங்க சார். வெள்ளி போடாம இது வருமா? சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே யாரோ மண்ணத் துடைச்சிருக்காங்க. துணி நுழையாத இடத்துல மட்டும் நின்னிருக்கு."

"கதை விடாத."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பாக்கியலட்சுமி சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். நேராக என்னிடம் வந்து வலது கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"ரக்ஷனா, உன் கை மாதிரியே எனக்கும் ஆயிடுச்சும்மா. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சுட்டேன், சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன், போவேனாங்குது. என்ன செய்யறது?"

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் உடனே தெரியாது. வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். "எதைத் தொட்டீங்கக்கா?" என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

"பூஜைக்குத் துடைச்சேன்ல? அந்தப் பன்னெண்டு விளக்கும் ஒரே சேறு. சாமி முன்னாடி அப்படியேவா வெக்கறது? ஈரத்துணி போட்டு நல்லாத் துடைச்சுப் பொட்டு வெச்சேன். இவருதான் ஒண்ணு விடாமத் துடைக்கச் சொன்னாரு."

பாக்கியலட்சுமி அக்கா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆயுத பூஜைக்குத் துடைக்காத பட்டறை எது? அவருக்கு இந்த வேலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் இந்த மனிதர்? மண்ணுக்கு அடியில் வெள்ளி என்று ஊர் முழுக்கக் கதை சொன்னவர், மண்ணே இல்லாத கண்ணாடியைத் தன் கையால் எடுத்துச் சூளைக்குள் அடுக்கியிருக்கிறார். ஒன்று இல்லை, பன்னிரண்டு. அப்போது வராத சந்தேகம் என் மேல் மட்டும் எப்படி வந்தது?

ஞானசேகரன் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "சரி லா, தெரியாம நடந்துபோச்சு. கண்ணாடி உடையலையே? மறுபடி பூசிடு."

"முதல்ல இப்ராஹீம் பாய்க்குப் போன் போடுங்க."

"மெசேஜ் அனுப்பிடறேன்."

"அவர் முன்னாடி வாயாலதானே சொன்னீங்க? வாயாலயே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

மனைவியைப் பார்த்தார். பாக்கியலட்சுமி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

"பாய், சின்ன டெக்னிக்கல் பிராப்ளம். கிளீனிங்ல மிஸ்டேக். லைட்டெல்லாம் டைமுக்கு வந்துடும், கவலப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு அணைக்கப் போனார். நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இன்னும் சொல்லல சார்."

பல்லைக் கடித்தார். "ஓகே, ஓகே. ஷி டிடின்ட் டேக் எனிதிங்."

"தமிழ்ல சொல்லுங்க," என்றேன். "திருடின்னு தமிழ்லதானே சொன்னீங்க?"

ஞானசேகரன் மேசையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "ரக்ஷனா திருடல."

"சரியாக் கேக்கல ஞானம்," என்றார் போனில் இப்ராஹீம். "மத்தியானம் எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமாச் சொல்லுங்க."