மைனி, அது என்ன குருவி?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மே மாதம், ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் நாத்தனார் நேவுஸ் என்னைப் பார்த்து, "செண்பா, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு வர்றியா?" என்றாள். அந்த இடத்திலேயே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவளைக் கிழிகிழியென்று கிழிப்பதாகத்தான் திட்டம். கதை அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது: 'எப்ரோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பூநாரைகள் அந்திச் செம்மையில் நீராடி...' அடித்துவிட்டேன். பூநாரையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது. அதைக் கண்டதும் பறவை பார்க்க வந்தவர்கள் நான் ஓட்டுகிற வேனை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். பின்னால் டிராக்டர்க்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவதெல்லாம் எனக்கு.

இரண்டாவது ஆரம்பம்: 'நேவுஸுக்குச் செவி' என்று எழுதி, அங்கேயே நின்றுவிட்டது. முடித்திருந்தால் விஷயம் முதல் வரியிலேயே உடைந்திருக்கும். பரவாயில்லை, உடைக்கத்தான் போகிறேன்.

2

நேவுஸ் என் வீட்டுக்காரரின் அக்கா. இந்தக் கழிமுகத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவது அவள் தொழில். வேன் ஓட்டுவது, காபி ஃபிளாஸ்க் தூக்குவது, கொசு மருந்து நீட்டுவது நான். இங்கே மாமியாரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு வளையவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை, மதினி என்பதைச் சுருக்கி, 'மைனி' என்றே கூப்பிடுகிறேன். மற்றதெல்லாம் இந்த ஊர்க் கத்தலான் மொழியில் பேசினாலும் அந்த ஒரு சொல் மட்டும் திருநெல்வேலி. வருகிறவர்கள் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

[மூத்தவளை 'அவள்' என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். கோபத்தில் தொடங்கிய கதை, அப்படி விழுந்துவிட்டது. பிறகு கோபம் போயிற்று, 'அவள்' ஒட்டிக்கொண்டது.]

3

நேவுஸ் காதால் பறவை பிடிக்கிறவள். நாணலுக்குள் இருக்கிற சின்னக் குருவிகளைக் கண்ணால் தேடினால் நாள் பூராவும் நிற்க வேண்டியதுதான். ஒரு கீச்சுப் போதும் அவளுக்கு. அவள் விரல் நீட்டிய இடத்தில் குருவி இருக்கும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு குழுவோடு நாணல் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். பஞ்சில் தொங்குகூடு கட்டுகிற குருவியைப் பார்க்கவேண்டும் என்று வந்த குழு. குருவி, எங்கள் தோளுக்குப் பக்கத்திலேயே மெல்லிசாகக் கத்தியது. நேவுஸ் நடந்துகொண்டே இருந்தாள். மறுபடியும் கத்தியது. அவள் பாட்டுக்குப் போனாள். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்: "மைனி, அது என்ன குருவி?"

திரும்பினாள். அவள் முகத்தில் பயம். இருபது வருஷத்தில் அந்த முகத்தில் நான் பயம் பார்த்ததே இல்லை. என் கை நாணலைக் காட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று தொலைநோக்கியைத் தூக்கினாள், பார்த்தாள், குரலும் திரும்பி வந்துவிட்டது. "அடிப் பாவி, இதத்தானே காலைலேர்ந்து தேடுறோம்!"

வயதாக ஆக, காது முதலில் தொலைப்பது உச்சத்தில் கேட்கிற மெல்லிய குரல்களைத்தான். வாத்து கேட்கும், நாரை கேட்கும், பக்கத்து வீட்டு வம்பு பேஷாகக் கேட்கும். பறவை காட்டுகிறவர்கள் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சோறு போய்விடும். அதைவிட, பேர் போய்விடும்.

* காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துப் பார்த்திருக்கிறாள் போல. ரப்பர் பேண்டு தேடும்போது சமையலறை இழுப்பறையில் அதைப் பார்த்தேன். இங்கே அடிக்கிற மேல்காற்றில் அந்த மிஷின் ரைஸ்மில் மாதிரி இரையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்க்காத மாதிரி இழுப்பறையை மூடிவிட்டேன்.

4

அன்றிலிருந்து நான் கேட்க ஆரம்பித்தேன். அவளும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மெல்லிசாக எது கத்தினாலும், "மைனி, அது என்ன குருவி?" என் கண் போகிற பக்கம் அவள் கண் வரும். கண் இன்னும் பருந்துக் கண்தான்.

குளிர்காலத்தில் சிரமமில்லை, வாத்துக் கூட்டம், எல்லாம் கண்ணுக்கு முன்னால். வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டால் வந்தது வினை. விசிறிவால் கதிர்க்குருவி, நம் ஊர் வயலில் இருக்கிற அதே குருவிதான், வரப்புக்கு வரப்பு மேலே ஏறி 'ட்ஸிக், ட்ஸிக்' என்று குதித்துக் குதித்துப் பறக்கும். அறுவடைவரை அது ஓயாது. அதுவரை நானும் ஓயமுடியாது. காக்கையைக் காட்டி இது என்ன என்று கேட்பது மாதிரி, இந்த ஊரிலேயே வேன் ஓட்டுகிற நான், நாளெல்லாம் அதையே கேட்டேன். சரகோசாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் மனசு பொறுக்காமல் எனக்கு ஒரு பறவைப் புத்தகம் வாங்கி அனுப்பினார். குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகம். நேவுஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான், கொஞ்சம் வலித்தது என்பதும் உண்மை.

5

(இந்த இடத்தில் கண் தெரியாத ஒருவரைக் குழுவில் சேர்த்திருந்தேன். அவருக்குக் காது, அவளுக்குக் கண். இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவும் வந்தது. ஆனால் சாவியும் பூட்டும் மாதிரி அவ்வளவு கச்சிதமாக யாரும் எங்கள் வேனில் ஏறியதில்லை. இறக்கிவிட்டேன்.)

போன மே மாதம் ஏறியது மெரிச்செல். ஜிரோனாவிலிருந்து வந்தவள், நல்ல பெண். பூனைக்குட்டி மாதிரி மயிர் போர்த்திய மைக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பறவைக் குரல்களைப் பதிவு செய்ய வந்திருந்தாள். காலையிலேயே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காதீங்க நேவுஸ். நான் குருவி சத்தம் பிடிக்கத்தான் வந்தேன். எதப் போட்டாலும் உங்க டிரைவரம்மா குரல்தான் வருது. அதே குருவி, அதே கேள்வி! கொஞ்சம் சொல்லுங்களேன் அவங்ககிட்ட."

அவள் சொன்னதில் என்ன தப்பு? நேவுஸுக்கு முன்னால் இரண்டே வழி. எனக்குக் காது போய்விட்டது, இவள்தான் என் காது என்று ஆறு பேரிடம் சொல்வது. இல்லாவிட்டால் என்னை அடக்குவது. என்னை அடக்கினாள். முதல் பத்தியில் இருக்கிற அந்த வார்த்தைகள்.

மத்தியானம் வாத்துச் சோறு. (பறவை பார்க்க வந்தவர்கள்தான் தின்றார்கள். அதை வேறு கதையில் வைத்துக்கொள்ளலாம்.) நான் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. எதிரில் மெரிச்செல் காதில் ஹெட்போன் மாட்டி, காலைப் பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தாள். நேவுஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். இப்போது புரிகிறது அவள் காதில் என்ன விழுந்தது என்று: குருவி. யாரும் எதுவும் சொல்லவில்லை. குருவி. யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு என் குரல். அதற்கப்புறம்தான் நேவுஸ்.

6

சாப்பிட்டுவிட்டு வயல் வரப்பில் நடந்தோம். நான் ஃபிளாஸ்க்கோடு கடைசியில். தலைக்கு மேலே 'ட்ஸிக்' என்றது. நேவுஸ் உப்பளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். எல்லோரும் அண்ணாந்தார்கள், அவளைத் தவிர. நல்லா வேணும் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். அடுத்த 'ட்ஸிக்'குக்கு அந்த ஒருத்தியைக் காணவில்லை. அழுகைதான் வந்தது.

அப்போது நேவுஸ் நின்றாள். வேறு யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தாள்.

"என்ன செண்பா, சாப்பிட்டதுலேர்ந்து ஒண்ணுமே கேக்கல நீ?"

கேலி இல்லை. கெஞ்சல் என்றால், கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை. இத்தனை நாளும் நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

முடிவு ஒன்று: நேவுஸ் தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் கை தட்டு— இல்லை. அவளை உங்களுக்குத் தெரியாது.

முடிவு இரண்டு: நான் வேன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று வரப்பில் நடந்து— எங்கே போவது? சுற்றிலும் முழங்கால் சேறு.

நடந்தது இது. நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். மேலே மறுபடி 'ட்ஸிக்'. மெரிச்செல்தான், மைக்கை அணைக்காமலே, நான் கேட்கிற அதே ராகத்தில், திருநெல்வேலியைக் கொஞ்சம் கடித்துத் துப்பி, சத்தமாகச் சொன்னாள்:

"மைனி, அது என்ன குருவி?"

நேவுஸ் மெரிச்செல்லின் கண் போன பக்கம் பார்த்தாள். கண்டுபிடித்தாள். பிறகு அவள் சொன்னது

[ ]

7

மேலே உள்ள அடைப்புக்குறி காலியாக இருப்பதற்கு நேவுஸ்தான் காரணம். எழுதினது வரைக்கும், அவளை வேனில் உட்காரவைத்து, அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். கடைசிவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணு தெரியாத மனுஷன ஏன்டி இறக்கிவிட்ட? எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு."

"மைனி, அதுவா இப்ப முக்கியம்?"

"இத யாரு படிப்பாங்க?"

"எங்க ஊர்க்காரங்க."

"இங்க வருவாங்களா அவங்க?"

"வந்தாலும் வருவாங்க."

அப்புறம் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"முடிவெல்லாம் எழுதாத. சனிக்கிழம ஆறு பேர் வர்றாங்க, நான் இன்னும் முடிஞ்சு போகல. உங்க ஊர்க்காரங்க வந்தா என்ன கேக்கணும்னு மட்டும் சொல்லி வை."

சொல்லி வைக்கிறேன். வந்தீர்களானால், வயலில் தண்ணீர் நிற்கிற காலத்தில் வாருங்கள். வரப்பில் அவள் முன்னால் போவாள். தலைக்கு மேலே மெல்லிசாக ஏதாவது கத்தும், அவள் நிற்கமாட்டாள். நான் அந்த நேரம் வேனைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். கூச்சப்படாதீர்கள், முட்டாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். என்ன கேட்க வேண்டும் என்பது தலைப்பிலேயே இருக்கிறது.