கோழியின் இடது பக்கம்

"நடுவுல கோழி ஆடுறான்," என்று கோச் சொன்னதும் உடை மாற்றும் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் ஆட்டத்துக்கு யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மழை வரும் வராது என்கிற மாதிரி இதையும் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். கோழிக்கு வயது பதினேழு. கிளப்பின் பெரியவர்கள் ஃபுட்பால் அணியில் இதுதான் முதல் ஆட்டம். ஒருவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், இன்னொருவர் ஈரத் துண்டை மூஞ்சியில் எறிந்தார். பையன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கோழி என்று பெயர் வைத்தது கேப்டன். பந்து எங்கேயோ கிடக்கும்போதே இவன் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்பக்கம் என்று ஓயாமல் திரும்பும். தீனி பொறுக்குகிற கோழி ஒரு கண்ணால் பூனையைத் தேடிக்கொண்டே இருக்குமே, அப்படி. கோச்சுக்கு அந்தத் தலையாட்டல்தான் பிடித்துப்போனது. நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு நாலு பக்கமும் எதிரி. சுற்றிப் பார்த்து ஆடு என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாலும் இந்த வயதுப் பையன்கள் பந்தையேதான் பார்ப்பார்கள். இவனுக்கு அது கூடவே பிறந்த மாதிரி இருந்தது. ஏன் அப்படித் திரும்புகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருக்கப் போகிறானா? அவனுக்கு இடது காது கேட்காது. ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அந்தக் காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. காதால் தெரியாததைக் கண்ணால் தெரிந்துகொள்ளப் பழகினான். ஊர் மெச்சிய வித்தையின் லட்சணம் அவ்வளவுதான்.

அவன் அம்மாவுக்குக் காதுதான் பிழைப்பு. ஒரு கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவள், நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டு "மன்னிக்கணும் சார்" சொல்கிற வேலை. மகன் சின்னவனாக இருந்தபோது ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போய், வெள்ளந்தியாகக் காது விஷயத்தைச் சொல்லிவைத்தாள். அங்கிருந்தவர் முகமெல்லாம் சிரிப்பாக, "நல்ல பையன், கூப்பிடுறோம்மா" என்றார். இன்று வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இந்தக் கிளப்பில் சேரும்போது காதுக்குப் பரிசோதனை இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கிளப்பின் டாக்டரம்மா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தை அனுப்பினார். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அவர் தோள் லேசாக இறங்கும். பையன் தோளைப் பார்த்தே பொத்தானை அழுத்தினான், பாஸாகிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தாயும் பிள்ளையும் மறைத்தே காட்டினார்கள்.

பயிற்சி மைதானத்தில் ஒரு காது போதுமாக இருந்தது. அங்கே கூட்டமில்லை. பந்து காலுக்கு வரும்போது பின்னால் நிற்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள். "ஆளு!" என்றால் முதுகுக்குப் பின்னால் எதிரி வருகிறான், திரும்பாதே. "ஃப்ரீ!" என்றால் யாருமில்லை, தாராளமாகத் திரும்பு. இந்த இரண்டு சொல்லில்தான் நடுக்களத்தவன் கால் முழுசாக இருப்பதும் முறிவதும். ஆனால் பெரிய ஸ்டேடியம் வேறு. ஒரு தரம் அம்மாவோடு ஆட்டம் பார்க்கப் போயிருந்தான். கோல் விழுந்ததும் அம்மா அவனுடைய நல்ல காதுக்குள்ளேயே வாயை வைத்து ஏதோ கத்தினாள். வாய் அசைந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம்.

ஆட்டத்தன்று காலையில் முட்டையைத் தட்டில் போட்டுவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள். அவன் தொடவில்லை.

"கோச்கிட்ட மட்டும் சொல்லிடட்டுமாம்மா?"

"என்னத்த?"

"காது."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. "இத்தனை வருஷம் வாய மூடிட்டு இருந்துட்டு, இன்னைக்குப் போய் சொல்லுவியா? வெண்ணெய் திரண்டு வர நேரத்துல தாழியை உடைக்காத. இன்னைக்கு ஒரு நாள் ஆடிட்டு வா. அப்புறம் பாத்துக்கலாம்."

"யாராவது கத்தி எனக்குக் கேக்கலன்னா?"

"நீதான் பாப்பியே. நல்லாப் பாரு." சொல்லிவிட்டு அவன் தட்டிலிருந்த முட்டையைத் தானே எடுத்து, பாதி தின்ற பிறகுதான் கவனித்தாள்.

சுரங்கப்பாதையிலிருந்து மைதானத்துக்குள் கால் வைத்ததும் அந்தச் சத்தம் அவன் மேல் இடிந்து விழுந்தது. வலது காதில் ஒரே இரைச்சல், இடது காதில் ஒன்றுமே இல்லை. கேப்டன் பின்னால் நின்று என்னவோ சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினார். கோழியும் காட்டினான். என்ன சொன்னார் என்று தெரியாது. காதுக்கும் சேர்த்துக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான். குருவி தலையில் பனங்காய்.

முதலில் எல்லாம் சரியாகவே போயிற்று. பார்த்தான், வாங்கினான், கொடுத்தான். கூட்டம்கூட ஒரு தடவை கைதட்டியது. தொல்லை எதிரணியில் இருந்த ஒரு வழுக்கைத் தலையனால் வந்தது. பழம் தின்று கொட்டை போட்டவன். கோழி தலையைத் திருப்பும் தாளத்தைக் கொஞ்ச நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தான். கோழி இடது பக்கம் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையை இந்தப் பக்கம் கொண்டுவந்த அதே கணத்தில் அந்த இடது பக்கமாகவே வழுக்கைத் தலையன் ஓடிவந்தான். பின்னால் கேப்டன் தொண்டை கிழிய "ஆளு! ஆளு!" என்று கத்தினார். கோழி நிதானமாகத் திரும்பினான், எதிரியின் காலுக்கே பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி. அடுத்த மூச்சில் கோல்.

கூட்டம் ஊளையிட்டது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

அதற்குப் பிறகு கை கால் ஓடவில்லை. பயத்தில் தலை இன்னும் வேகமாகத் திரும்பியது, திரும்பியும் எதுவும் கண்ணில் ஏறவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பந்து ஒன்று உயரமாக எழும்பி வந்தது. அது கேப்டனுடையது. அவர் "விடு! என்னுது!" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறார். கோழி விடவில்லை, அவனும் எம்பினான். தலையும் முகமும் மோதின. கீழே விழுந்து எழுந்து பார்த்தபோது கேப்டன் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். புருவம் கிழிந்து, கண்ணுக்குள்ளெல்லாம் ரத்தம். அதுவரைக்கும் கோழி தன்னை நினைத்துத்தான் பயந்திருந்தான். இப்போது பயந்தது வேறு மாதிரி. இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் அந்த மனுஷன் கண் போயிருக்கும். தன் வாய் மூடியிருந்ததற்கு விலை அவர் கண்.

இடைவேளையில் டாக்டரம்மா கேப்டனை மேசையில் படுக்கவைத்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தைலமும் வியர்வையும் கலந்து நாறுகிற அறை. ஒருவரும் கோழியின் முகத்தைப் பார்க்கவில்லை. கோச்தான் பேசினார்.

"முதல் ஆட்டம். சத்தம் பழக்கமில்ல. விடுங்க, ரெண்டாவது பாதியில செட் ஆயிடுவான்."

பார்த்தீர்களா, தப்பிக்க வழி தானாகவே திறந்தது. "ஆமா சார், சத்தம்" என்று தலையை ஆட்டினால் போதும், ஈ காக்காய்க்கும் சந்தேகம் வராது. கோழியும் ஆட்டத்தான் போனான்.

மேசையிலிருந்து கேப்டன் சீறினார். "சத்தமாவது மண்ணாவது. நான் அவன் பின்னாடியேதான் நிக்கிறேன். செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி கத்துறேன். டேய் கோழி, காது என்ன செவிடா உனக்கு?"

"ஆமாண்ணா," என்றான் கோழி.

கோல்கீப்பர் சிரித்துவிட்டார். "திமிரப் பாரேன்."

"திமிரு இல்லண்ணா. இடது காது கேக்காது. அஞ்சு வயசுலேருந்தே." நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து மளமளவென்று சொல்லிக்கொண்டே போனான். "வலது காது கேக்கும். ஆனா இவ்வளவு கூட்டத்துல அதுவும் வேலை செய்யல. நீங்க கத்துறது எனக்குத் தெரியவே இல்ல. மறுபடி அப்படி ஒரு பந்து வந்தா மறுபடியும் இடிச்சிடுவேன்."

டாக்டரம்மாவின் ஊசி அப்படியே நின்றது. "நான்தானேப்பா உன்னை டெஸ்ட் பண்ணேன்?"

"உங்க தோளைப் பாத்தேன் டாக்டர். சத்தம் அனுப்புறப்ப கொஞ்சம் இறங்கும்."

டாக்டரம்மா தன் தோளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கோச் எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது கோழிக்கு. அவர் மூலையில் இருந்த இன்னொருவரைப் பார்த்து "நீ போ" என்றார். கோழியிடம் "நீ உட்காரு" என்றார். பூட்ஸ் சத்தம் தடதடவென்று வெளியே போய்விட்டது. ஈரத் துண்டுகளும் காலி தண்ணீர் பாட்டில்களும் அவனும் மிச்சம்.

இத்தனை வருஷமாக எது நடக்கக் கூடாது என்று பயந்தானோ அது நடந்தே விட்டது. அழுகைகூட வரவில்லை. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் கவலையாக இருந்தது.

தேடிப்போய்ச் சொல்லவேண்டிய அவசியமில்லாமல் அவளே வந்தாள். இரண்டாவது பாதியில் மகனைக் காணோம் என்றதும் காவலுக்கு நின்றவர்களிடம் சண்டை போட்டு உள்ளே நுழைந்திருக்கிறாள். வந்த வேகத்தில் கீழே உட்கார்ந்து அவன் முழங்காலை, கணுக்காலை எல்லாம் அமுக்கிப் பார்த்தாள்.

"கால் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன்டா?"

"சொல்லிட்டேம்மா."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

அம்மா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இன்னும் பாதி ஆட்டந்தானேடா இருந்தது? பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"இன்னும் கொஞ்சம் கீழ பட்டிருந்தா கேப்டனுக்குக் கண்ணு போயிருக்கும்மா. நான்தான் இடிச்சேன். அவர் கத்தினது கேக்கல."

ஆட்டம் முடிகிறவரை இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு தடவைகூட நம் பக்கத்துக் கோல் சத்தம் வரவில்லை. அந்த ஒற்றைக் கோலில் தோற்றார்கள்.

கோச்சும், புருவத்தில் கட்டுப் போட்ட கேப்டனும் உள்ளே வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். வேலைப் பழக்கத்தில் முதலில் வந்தது "மன்னிக்கணும் சார்"தான். "தப்பு என்னுது. சொல்லாதன்னு சொன்னது நான். முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா இவனை எடுத்திருக்க மாட்டேம்மா," என்றார் கோச்.

இத்தனை நாள் ஒரு கிளப்பிலும் ஒருவரும் அவளிடம் இவ்வளவு பச்சையாக உண்மை சொன்னதில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். ஒரு காதுன்னு கேட்டதுமே, நல்ல பையன், கூப்பிடுறோம்னு சொல்லி அனுப்பியிருப்பேன். எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா இப்ப இவன் ஆடுறதைப் பாத்துத் தொலைச்சிட்டேனே." கோழியின் பக்கம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை வா. டீம்ல வைக்கிறேன்னு சொல்லல. கத்தாம உனக்கு எப்படித் தெரிவிக்கிறதுன்னு கேப்டனோட உட்கார்ந்து பாக்கலாம். வழி கிடைச்சா ஆடு. கிடைக்கலன்னா உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்."

"சரி சார்," என்றான் கோழி.

"சாரிண்ணா," என்றான் கேப்டனிடம்.

"உன் சாரியைக் கொண்டுபோய் குப்பையில போடு. வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கோழி கொத்திடுச்சுன்னா?" சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்ததில் "அம்மா!" என்று கத்தினார்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் குறைந்திருந்தது. தோற்ற கோபத்தில் போகிறவர்கள் யாரும் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவன் இன்னமும் தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிக்கொண்டே இருந்ததை அம்மா பார்த்தாள்.

"இன்னும் ஏன்டா இப்படிப் பயப்படுற? மறைக்கத்தான் ஒண்ணும் இல்லையே இப்ப."

"அதனாலதாம்மா. இதுவரைக்கும் எது தப்பாப் போனாலும் காதுதான்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். இனிமே அவங்க எல்லா வழியும் பண்ணிக் கொடுத்து, அப்பவும் நான் சரியா ஆடலன்னா?"

பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஏறினார்கள். அம்மா அவன் வலது பக்கமாக உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு," என்றாள்.